உருகிய இரும்பிலிருந்து வேண்டாதவை எப்படிப் போகின்றன? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர்ப் பக்கம் பவுண்டரிகளிலும் மெஷின் ஷாப்களிலும் வேலை பார்ப்பவர்கள், தருமபுரி, கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்குகளில் படிக்கும் பிள்ளைகள், வீடு கட்டக் கம்பி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் எஃகைப் பற்றிக் கேட்பது கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. உருகிய இரும்பில் கலந்திருக்கும் சரக்குகள் எப்படி வெளியேறுகின்றன, சில ஏன் வெளியேற மறுக்கின்றன என்பதுதான் அது. வேதியியல் சமன்பாடுகள் இல்லாமல், பேச்சு வழியிலேயே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஊதுலையிலிருந்து வரும் இரும்பில் அப்படி என்ன குறை?

அதில் கார்பன் 4 முதல் 4.5 சதவீதம் இருக்கும். சிலிக்கன் அரை சதவீதம் முன்னே பின்னே. மாங்கனீஸ் கொஞ்சம், பாஸ்பரஸ் 0.1 சதவீதம் அல்லது அதற்கு மேல், சல்பர் 0.02 முதல் 0.06 வரை. இதை அப்படியே உறைய விட்டால் சுத்தியலால் அடித்தால் உடையும்; வளைக்கவே முடியாது.

இத்தனையும் எங்கிருந்து வந்தன? ஊதுலையில் கோக் கரி, தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பறிக்கிறது. இரும்போடு நிறுத்திக்கொள்ளாமல் மாங்கனீஸையும், மணலிலிருக்கும் சிலிக்கனில் ஒரு பகுதியையும் விடுவித்து இரும்புக்குள் தள்ளுகிறது. தாதுவிலும் கோக்கிலும் உள்ள பாஸ்பரஸ் ஏறத்தாழ முழுவதும் இரும்புக்குள் இறங்கிவிடும். ஆக, ஊதுலை ஆக்ஸிஜனைப் பறிக்கும் இடம். எஃகு உலையில் நடப்பது நேர் எதிர். அங்கே ஆக்ஸிஜனைத் திரும்பக் கொடுத்து இவற்றை எரிக்கிறோம்.

தருமபுரிக்காரர்களுக்கு இதில் மிகப் பக்கத்து இடம் தொப்பூர் கணவாயைத் தாண்டி மேச்சேரிப் பக்கம், பொட்டனேரியில் உள்ள ஜேஎஸ்டபிள்யூ ஆலை. ஊதுலை இரும்பை அங்கே எஃகாக்குகிறார்கள்.

ஆக்ஸிஜன் ஊதினால் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்துவிடுமா?

எரியாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இரும்பை எஃகாக்கும் பெரிய கலத்துக்கு கன்வெர்ட்டர் என்று பெயர். அதில் மேலிருந்து ஒரு குழாய் வழியாக 99.5 சதவீதத் தூய ஆக்ஸிஜனை ஒலியைவிட வேகமாக ஊதுகிறார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும். அந்த ஆக்ஸிஜன் முதலில் யார் மீது மோதும்? தொட்டியில் எடைக் கணக்கில் சுமார் 94 சதவீதம் இரும்பு. அதனால் முதலில் எரிவது பெரும்பாலும் இரும்பே. இரும்பு ஆக்சைடு உண்டாகிறது. அந்த ஆக்சைடு சும்மா இருப்பதில்லை. தன்னைவிட ஆக்ஸிஜன் மீது ஆசை அதிகமுள்ள சிலிக்கனோ மாங்கனீஸோ பக்கத்தில் வந்தால், ஆக்ஸிஜனை அதனிடம் கொடுத்துவிட்டு மறுபடி இரும்பாகி உள்ளே போய்விடும். அதாவது இரும்பு ஆக்சைடுதான் இடைத்தரகர்.

ஆசை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. வெப்பநிலையைப் பொறுத்து மாறவும் செய்யும். தொடக்கத்தில், 1,350 டிகிரி வாக்கில், சிலிக்கன் முந்திக்கொள்கிறது. முதல் சில நிமிடங்களில் அது ஏறத்தாழ தீர்ந்துவிடும். கூடவே மாங்கனீஸ் பாதிக்கு மேல் போகும். இவை எரியும் சூட்டில் தொட்டியின் வெப்பம் ஏறுகிறது. வெப்பம் ஏற ஏற கார்பன் பலசாலி ஆகிறது. அதன் ஆக்சைடு வாயுவாக வெளியே போய்விடுவதால், மற்ற எல்லா ஆக்சைடுகளுக்கும் மாறாக, சூடு கூடும்போது அதன் பிடி இறுகும். நடுக்கட்டத்தில் ஊதும் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட முழுவதையும் கார்பனே தின்றுவிடும்.

சிலிக்கன் முதலில் போய்விடுகிறது. நல்லதுதானே?

நல்லதும்தான், தொல்லையும்தான். சூட்டைக் கொடுப்பது அது; அந்தச் சூட்டை நம்பித்தான் கன்வெர்ட்டரில் ஸ்கிராப் போட முடிகிறது. ஆனால் எரிந்த சிலிக்கன் சிலிகாவாக, அதாவது மணலாக, கசடில் (உலோகத்தின் மேல் மிதக்கும் உருகிய கழிவு) போய் உட்காரும். மணல் அமில குணம். அது சுண்ணாம்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸைப் பிடிப்பதற்காகப் போட்ட சுண்ணாம்பை சிலிகா முதலில் எடுத்துக்கொண்டால் பாஸ்பரஸுக்கு என்ன மிஞ்சும்?

ஒரு வேண்டாத பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொன்று எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. சிலிக்கன் கூடிய இரும்பு வந்தால் சுண்ணாம்பு கூட வேண்டும், கசடு கூடும், கசடோடு இரும்பும் கூடப் போகும். பாடப் புத்தகங்களில் தனித்தனியாக எழுதிய வினைகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்குப் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இதுதான். உலைக்குள் எந்த வினையும் தனியாக நடப்பதில்லை.

கார்பன் எரியும்போது ஏன் தொட்டி அப்படிக் கொதிக்கிறது?

கார்பன் மோனாக்சைடு குமிழிகள். உருகிய எஃகுக்குள் பிறந்து மேலே வரும்போது முழுத் தொட்டியையும் கலக்கிவிடுகின்றன. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கொஞ்சம் தம்மோடு கூட்டிக்கொண்டு போகின்றன. இலவசமாகக் கிடைக்கும் கலக்கல் என்பதால் எஃகுக்காரர்களுக்கு இந்தக் கொதிப்பு பிடிக்கும். கசடு நுரைத்து வாய் வழியாக வழியும்போது மட்டும் பிடிக்காது.

கார்பன் 0.3, 0.4 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் கதை மாறும். இப்போது ஆக்ஸிஜன் தாராளம், கார்பன்தான் பஞ்சம். மிச்சமுள்ள ஆக்ஸிஜன் இரும்பையே எரிக்கத் தொடங்கும். 1,600 டிகிரியில் கார்பன் 0.05 சதவீதம் என்றால், அதோடு சமநிலையில் இருக்கும் ஆக்ஸிஜனும் சுமார் 0.05 சதவீதம். கார்பனைப் பாதியாக்கினால் ஆக்ஸிஜன் இரட்டிப்பாகும். ஆகவே கார்பனை மிகவும் கீழே இறக்க வேண்டுமானால் ஊதிக்கொண்டே இருப்பது வீண். வெற்றிடத்தில் வைத்தால் கார்பன் மோனாக்சைடின் அழுத்தம் குறைந்து, மேலே இழுக்கப்பட்டு, குறைந்த ஆக்ஸிஜனிலேயே வேலை முடிந்துவிடும். கார் கதவுத் தகடு போன்ற மெல்லிய வேலைகளுக்கான எஃகு இப்படித்தான் வருகிறது.

பாஸ்பரஸை மட்டும் ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

பிடித்தாலும் நிற்காது என்பதால்.

பாஸ்பரஸ் எரிந்து ஆக்சைடாவது ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த ஆக்சைடு தனியாக நின்றால், எஃகு உலைச் சூட்டில் இரும்பு உடனே அதனிடமிருந்து ஆக்ஸிஜனைப் பறித்து, பாஸ்பரஸைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைச் சுண்ணாம்போடு கட்டி கால்சியம் பாஸ்பேட்டாக மாற்றினால்தான் கசடில் தங்கும். அதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருசேர வேண்டும். கசடில் இரும்பு ஆக்சைடு நிறைய இருக்க வேண்டும். கரைந்த சுண்ணாம்பு நிறைய இருக்க வேண்டும், சிலிகாவைப் போல மூன்று மடங்கு என்பது பொதுக் கணக்கு. வெப்பநிலை கூடிவிடக் கூடாது.

மூன்றாவதுதான் இடைஞ்சல். எஃகை ஊற்ற 1,600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பாஸ்பரஸ் போக அதைவிடக் குறைந்த சூடு நல்லது. எனவே ஊதலின் தொடக்கத்திலேயே, சூடு ஏறுவதற்குள், சுண்ணாம்பு கரைந்து கசடு தயாராகிவிட வேண்டும். சுண்ணாம்போ 2,500 டிகிரிக்கும் மேலே உருகும் சரக்கு. அது உருகாது, கரையத்தான் செய்யும். இரும்பு ஆக்சைடும் சிலிகாவும் சேர்ந்த முதல் கசடு, சுண்ணாம்புக் கட்டியைச் சுற்றி நனைக்கிறது. நனைத்த இடத்தில் சிலிகாவும் சுண்ணாம்பும் சேர்ந்து கெட்டியான ஓடு ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பை மூடிவிடும். இரும்பு ஆக்சைடு போதுமான அளவு இருந்தால் ஓடு உடையும். இல்லாவிட்டால் கசடு ராகிக் களி மாதிரி கெட்டித்துப் போய், சுண்ணாம்பு முழுசாக உள்ளே கிடக்கும். தூளாக்கிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

நடுக்கட்டத்தில் இன்னொரு வம்பு உண்டு. கார்பன் வேகமாக எரியும்போது கசடிலுள்ள இரும்பு ஆக்சைடையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. கசடு வறண்டு போகும். கசடில் அப்பாடா என்று உட்கார்ந்திருந்த பாஸ்பரஸ் கொஞ்சம் எஃகுக்குத் திரும்பும். மாங்கனீஸும் திரும்பும். இதைத் தடுக்க, ஆக்ஸிஜன் குழாயைச் சற்று மேலே தூக்கி ஊதுவார்கள். தாக்கு மென்மையாகி, இரும்பு ஆக்சைடு மறுபடி கசடில் சேரும்.

ஹென்றி பெஸ்ஸமர் 1856இல் காற்று ஊதி எஃகு செய்யும் முறையை அறிவித்தபோது, உரிமம் வாங்கிய பலருக்கும் உடையும் எஃகுதான் கிடைத்தது. அவர்கள் தாதுவில் பாஸ்பரஸ் இருந்தது. உலையின் உட்பூச்சு மணல் வகை. சுண்ணாம்பு போட்டால் அது பூச்சையே தின்றுவிடும் என்பதால் போடவும் முடியாது. சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும் அவருடைய தாய்மாமன் மகன் பெர்சி கில்கிறிஸ்ட்டும் 1870களின் கடைசியில் டோலமைட் பூச்சைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த முடிச்சு அவிழ்ந்தது. இன்றைய கன்வெர்ட்டர்களில் மேக்னீசியா கார்பன் செங்கல். மேக்னீசியாவுக்கு மூலமான மேக்னசைட் பக்கத்து மாவட்டமான சேலத்திலேயே வெட்டியெடுக்கப்பட்டு வந்த கனிமம்.

சல்பரையும் அதே சுண்ணாம்பே பிடித்துவிடாதா?

பிடிக்கும், ஆனால் வேறு சூழலில். பாஸ்பரஸுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். சல்பருக்கு ஆக்ஸிஜன் கூடவே கூடாது. சுண்ணாம்பு தன் ஆக்ஸிஜனை விட்டுவிட்டு சல்பரை எடுத்துக்கொள்வதுதான் வினை. விட்ட ஆக்ஸிஜன் எஃகில் தங்கிக்கொண்டே இருந்தால் வினை நின்றுவிடும். எஃகில் அலுமினியம் இருந்தால் அந்த ஆக்ஸிஜனை உடனுக்குடன் அப்புறப்படுத்தும். வினை ஓடிக்கொண்டே இருக்கும். சூடு கூடினாலும் நல்லது. பாஸ்பரஸுக்கு ஆகாதது இரண்டும் சல்பருக்கு ஆகிறது.

அதனால் கன்வெர்ட்டரில் சல்பர் பெரிதாகக் குறையாது. ஊதுவதற்கு முன்பே, உருகிய இரும்பில் மெக்னீசியமோ கால்சியம் கார்பைடோ செலுத்தி எடுத்துவிடுவார்கள். கார்பன் நிறைந்த அந்த இரும்பில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு என்பதால் வசதி. அல்லது கடைசியில், எஃகை ஊற்றி எடுத்த லேடில் என்னும் பெரிய வாளியை வைத்துச் சூடேற்றும் லேடில் உலையில், வெள்ளைக் கசடு கட்டி, அடியிலிருந்து ஆர்கான் விட்டுக் கலக்கி எடுப்பார்கள். கசடு கறுப்பாக இருந்தால் இரும்பு ஆக்சைடு இருக்கிறது என்று பொருள். அப்போது சல்பர் அசையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கன்வெர்ட்டர் கசடு லேடிலுக்குள் வழிந்துவிட்டால், அதன் பின் போடும் அலுமினியமும் சிலிக்கனும் கசடிலுள்ள பாஸ்பேட்டின் ஆக்ஸிஜனையும் பறித்துவிடும். பட்ட பாடெல்லாம் போய் பாஸ்பரஸ் எஃகுக்குத் திரும்பும். ஊற்றும்போது கசடைத் தடுத்து நிறுத்துவது ஒரு சாதாரண வேலை போலத் தெரியும். என் கணக்கில் மொத்த வேலையில் பாதி அதுதான்.

சல்பர் கெடுதல் என்றால் லேத்துக்காரர்கள் ஏன் சல்பர் உள்ள கம்பியைக் கேட்டு வாங்குகிறார்கள்?

ஓசூரில் சின்ன நட், புஷ் திருகும் பட்டறைகளில் இஎன் 1ஏ என்ற எஃகு வகையைக் கேட்பார்கள். அதில் வேண்டுமென்றே 0.2 முதல் 0.3 சதவீதம் சல்பர் இருக்கும். கூடவே மாங்கனீஸும் நிறைய. சல்பர் தனியாக இரும்போடு சேர்ந்தால் 988 டிகிரியிலேயே உருகும் படலம் ஒன்று எஃகின் நுண்ணிய படிக மணிகளின் ஓரங்களில் படிந்து, சூட்டில் அடிக்கும்போது எஃகு கிழியும். மாங்கனீஸோடு சேர்ந்தால் அது கெட்டியான மாங்கனீஸ் சல்பைடு துணுக்காகிவிடுகிறது. வெட்டும்போது சுருள் நீளாமல் துண்டு துண்டாக உதிரும். ஆனால் அதில் வெல்டிங் போடாதீர்கள், விரிசல் விடும்.

ஆக்ஸிஜனை வெளியே எடுக்க அலுமினியம் போடுகிறார்கள். அந்த அலுமினியம் எங்கே போகிறது?

ஊதி முடித்த எஃகில் ஆக்ஸிஜன் மிதமிஞ்சி இருக்கும். அப்படியே ஊற்றினால் உறையும்போது கார்பனோடு சேர்ந்து வாயுவாகி, வார்ப்பு முழுக்கப் பொத்தல். மாங்கனீஸ், சிலிக்கன், அலுமினியம் என்ற வரிசையில் பிடிக்கும் பலம் கூடுகிறது. 0.03 சதவீதம் அலுமினியம் கரைந்திருந்தால், கரைந்த ஆக்ஸிஜன் பத்து லட்சத்தில் சில பங்குக்கு இறங்கிவிடும்.

ஆனால் பிடித்த ஆக்ஸிஜன் அலுமினாத் துகளாக எஃகுக்குள்ளேயே இருக்கிறது. அது 2,000 டிகிரிக்கு மேல் உருகும் சரக்கு. கூர்மையான துணுக்குகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும். ஒரு பங்கு மேலே மிதந்து கசடில் சேரும். மிச்சம் ஊற்றும் நாசிலின் உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் கால்சியம் கம்பி. கால்சியம் சேர்ந்ததும் அந்தத் துகள்கள் எஃகுச் சூட்டில் திரவமாக இருக்கும் கால்சியம் அலுமினேட் உருண்டைகளாகின்றன. ஆனால் சல்பர் கூடுதலாக இருந்தால் கால்சியம் அங்கேயும் போய் கால்சியம் சல்பைடாகி, அதுவே நாசிலை அடைக்கும். எனவே சல்பரை எடுத்த பிறகுதான் கால்சியம்.

எங்கள் பவுண்டரியில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்தான். சுண்ணாம்பு போட்டு பாஸ்பரஸை எடுக்கலாமா?

சிலிகா பூச்சு உள்ள உலையென்றால் முயற்சி செய்யாதீர்கள். சுண்ணாம்பு பாஸ்பரஸைத் தேடாது, சுவரைத் தேடும். பூச்சு கரைந்து, சுவரைச் சுற்றியுள்ள தண்ணீர் ஓடும் மின்சுருள் (காயில்) வரை உலோகம் போனால், தண்ணீரும் உருகிய இரும்பும் சந்திக்கும். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இந்த உலையில் மின்சாரம் சூடாக்குவது உலோகத்தை; கசடுக்கு உலோகத்திலிருந்துதான் சூடு ஏற வேண்டும். எனவே கசடு எப்போதும் கொஞ்சம் சோம்பல்தான்.

வேதியியல் அங்கேயும் சும்மா இருப்பதில்லை. துருப்பிடித்த ஸ்கிராப் போட்டால், துரு என்பது இரும்பு ஆக்சைடுதானே, அது சிலிக்கனையும் மாங்கனீஸையும் எரிக்கும். பிறகு ஃபெரோ சிலிக்கன், ஃபெரோ மாங்கனீஸ் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கும். நேர் எதிராக, வார்ப்பிரும்பை 1,450 டிகிரிக்கு மேல் நெடுநேரம் பிடித்து வைத்தால், கார்பன் சிலிகா சுவரிலிருந்து ஆக்ஸிஜனைப் பறிக்கும். கார்பன் குறையும், சிலிக்கன் கூடும், சுவர் தேயும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உலையைச் சும்மா சூட்டில் வைத்துவிட்டு, காலையில் ஸ்பெக்ட்ரோ (உலோகத்தில் எது எவ்வளவு என்று காட்டும் கருவி) ரிசல்ட் பார்த்துத் தலையைச் சொறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, அந்த உலையில் பாஸ்பரஸும் சல்பரும் எவ்வளவு உள்ளே போகிறதோ ஏறத்தாழ அவ்வளவும் வெளியே வரும். சுத்தம் செய்ய வேண்டிய இடம் உலை அல்ல, ஸ்கிராப் யார்டு. ஈரமான ஸ்கிராப், வாய் மூடிய குழாய், பழைய சிலிண்டர் இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போட வேண்டாம்.

கம்பி வாங்கும்போது 500, 500டி என்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். ஐஎஸ் 1786 தரப்படி 500 கம்பியில் பாஸ்பரஸ், சல்பர் ஒவ்வொன்றும் 0.055 சதவீதம் வரை, இரண்டும் சேர்ந்து 0.105 வரை இருக்கலாம். 500டியில் ஒவ்வொன்றும் 0.040, இரண்டும் சேர்ந்து 0.075. கார்பன் வரம்பும் 0.30இலிருந்து 0.25க்கு இறங்குகிறது. பலம் ஒன்றுதான், 500டி கூடுதலாக நீண்டு கொடுக்கும். கடையில் பிராண்டைக் கேட்பதைவிட டெஸ்ட் சர்டிஃபிகேட்டைக் கேட்டு இந்த எண்களைப் பாருங்கள்.

காயலான் கடை ஸ்கிராப்பில் செம்பு ஒயர் கலந்திருந்தால் உலையில் எரிந்துவிடும்தானே?

எரியாது. செம்புக்கு ஆக்ஸிஜன் ஆசை இரும்பைவிடக் குறைவு. தொட்டியிலுள்ள இரும்பு முழுவதும் எரிந்து தீர்ந்தால்தான் செம்பின் முறை வரும். தகரமும் நிக்கலும் இதே ரகம். ஒரு முறை கலந்தால் அந்த எஃகு எத்தனை முறை உருகினாலும் செம்பு கூடவே வரும். சூடான உருட்டலில் மேல்தோல் வெடிக்கும். பழைய மோட்டாரை அப்படியே வாங்கி வெட்டிப் போடுவது லாபம் என்று நினைப்பவர்கள் பிறகு அழுவது இதனால்தான்.

சேலம் ஸ்டீலில் எவர்சில்வர் செய்யும்போது குரோமியம் எரிந்து போகாதா?

சாதாரணமாக ஆக்ஸிஜன் ஊதினால் போகும். கார்பனுக்கு முன்பே குரோமியம் எரியும். சேலம் ஆலையில் உள்ள ஏஓடி போன்ற கலத்தில் ஆக்ஸிஜனோடு ஆர்கானையும் கலந்து ஊதுகிறார்கள். ஆர்கான் கலந்த குமிழியில் கார்பன் மோனாக்சைடின் பங்கு குறைகிறது. கார்பனுக்கு வாயுவாக வெளியேறுவது எளிதாகி அது முந்திக்கொள்கிறது. கார்பன் குறையக் குறைய ஆர்கானைக் கூட்டுவார்கள். அப்படியும் கசடில் போன குரோமியத்தை, கடைசியில் ஃபெரோ சிலிக்கன் போட்டு மீட்பார்கள். வெற்றிடத்தில் செய்யும் தந்திரம்தான் இதுவும், பம்ப் இல்லாமல்.

மயிலாடும்பாறையில் கிடைத்த பழைய இரும்புக்கு இதெல்லாம் யார் செய்தார்கள்?

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் காலத்துச் சிறு உலைகளில் இரும்பு உருகவே இல்லை. இரும்பு உருகும் 1,538 டிகிரியை அவை எட்டியதில்லை. குறைந்த சூட்டில் சிலிக்கன் விடுபடாது. அது மணலாகவே கசடில் போய்விடும். எரிபொருள் மரக்கரி; அதில் சல்பர் மிகக் குறைவு. எனவே நாம் இன்று இரும்புக்குள் ஏற்றிவிட்டு இறக்கும் பொருள்களில் பல அங்கே ஏறவே இல்லை. விலை என்னவென்றால், இரும்பில் பெரும் பங்கு கசடோடு போனது. தட்டித் தட்டிப் பிழிந்து எடுத்தது மிச்சம்.

கசடு கரைய ஃபுளோர்ஸ்பார் (கால்சியம் ஃபுளோரைடு கனிமம்) போடலாம் என்கிறார்கள். போடலாமா?

வேலை செய்யும். சுண்ணாம்பைச் சுற்றிய ஓட்டை அது சீக்கிரம் உடைக்கும். ஆனால் பூச்சையும் சேர்த்துத் தின்னும், சிலிகாவோடு சேர்ந்து ஃபுளோரின் வாயு வகைகளாகப் புகையில் போகும், மீதி கசடில் தங்கி மழையில் கரையும். நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் பாறையிலிருந்தே ஃபுளோரைடு கூடுதல். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இங்கே அந்தக் கசடை ஏரிக்கரையில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. லேடில் கசடுக்கு அலுமினா கலந்த கால்சியம் அலுமினேட் பொடி கிடைக்கிறது. விலை கூட, ஆனால் அதே இளக்கத்தைக் கொடுக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.